பிள்ளைகளின் கையில் முதல் கிளாஸ்: கொடுப்பது யார்?

மலேசியாவில் 21 வயது நிறையாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. முன்பு 18-ஆக இருந்த வயது வரம்பு 2017 டிசம்பர் 1 முதல் உயர்த்தப்பட்டது. ஆயினும், இடைநிலைப்பள்ளியில் படிக்கும்போதே மதுவைச் சுவைத்துவிடும் பிள்ளைகள் உண்டு. சட்டம் கடைக்காரரைத் தடுக்கிறது. வீட்டு விருந்தைத் தடுப்பதில்லை.

வீட்டில் தொடங்குவது

தீபாவளி, திருமணம், பிறந்தநாள் என எந்த விருந்திலும் "தம்பி, ஐஸ் எடுத்து வா" என்று பையனைத்தான் கூப்பிடுகிறோம். பிறகு ஒரு நாள், "ஆம்பளப் பையன்தானே, கொஞ்சம் குடிச்சுப் பாரு" என்று மாமாவோ சித்தப்பாவோ கிளாஸை நீட்டுகிறார். சோகத்துக்கும் சந்தோஷத்துக்கும் குடிதான் வழி என்பதைப் பிள்ளை பார்த்தே கற்றுக்கொள்கிறது.

நண்பர்களும் வயதும்

பின்விளைவை எடைபோடும் மூளையின் முன்பகுதி முழு வளர்ச்சி பெற ஏறக்குறைய 25 வயதாகிறது. அதனால், கூட்டாளிகள் கேலி செய்வார்கள் என்ற பயம் பதின்ம வயதில் மற்ற எல்லாப் பயத்தையும் மிஞ்சிவிடுகிறது. படிப்பில் பின்தங்கி, மாலையில் போக இடமில்லாத பிள்ளைக்கு அந்தக் கூட்டமே ஆதரவு.

மலிவு விலை ஆபத்து

கையில் காசு குறைவு என்பதால் மலிவான சம்சு பக்கம் போகிறவர்களும் உண்டு. மெத்தனால் கலந்த மது கண்பார்வையையும் உயிரையும் பறிக்கும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பலர் அப்படித்தான் மாண்டனர்.

முன்னோர் எதிர்த்தது

"தோட்டத்துப் பழக்கம், மாற்ற முடியாது" என்பது சரியல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒரு கோரிக்கை. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடினர்.

பெற்றோர் செய்யக்கூடியவை

* பாட்டில் வாங்கவோ ஊற்றவோ பிள்ளைகளை ஏவாதீர்கள்.
* குடித்தது தெரிந்தால் அன்றிரவு அடிக்காதீர்கள். மறுநாள் நிதானமாக எங்கே, யாருடன் என்று கேளுங்கள்.
* "காலையில் பந்து விளையாடப் போகணும்" என்பது போல, கூட்டாளிகளிடம் மறுக்க ஒரு பதிலைச் சொல்லிக் கொடுங்கள்.
* பழக்கம் தொடர்ந்தால் பள்ளி ஆலோசக ஆசிரியரையோ அரசாங்க கிளினிக்கையோ நாடுங்கள்.
* குடித்தவர் எழுப்பியும் எழாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 999-ஐ அழையுங்கள்.

அடுத்த விருந்தில் பையனைக் கூப்பிடுமுன் பெரியவர்கள் ஒரு கணம் யோசித்தால், முதல் கிளாஸ் அவன் கைக்குப் போகாமலே இருக்கலாம்.