ஹனோயின் எலி வால்கள்

வியட்நாமின் ஹனோய் நகரில், அன்று அதை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் தாங்கள் வசித்த பகுதிக்கு நவீனப் பாதாளச் சாக்கடை கட்டினார்கள். எலிகளுக்குக் கொண்டாட்டம். குழாய்கள் வழியே துரைமார் வீட்டுக் கழிப்பறைகளுக்குள்ளேயே ஏறி வந்தன.

போதாக்குறைக்குப் பிளேக் அச்சம். 1902இல் கூலிக்கு ஆள் பிடித்துச் சாக்கடைக்குள் இறக்கினார்கள். ஜூனில் ஒரே நாளில் 20,000க்கு மேல் கொன்றார்கள். எலிகள் குறைந்தபாடில்லை.

பிறகு பொதுமக்களுக்கும் அழைப்பு வந்தது: வாலுக்கு ஒரு சென்ட். எலிப் பிணங்களைக் குவித்தால் யார் புதைப்பது? அதனால் வால் போதும் என்றார்கள். வால்கள் குவிந்தன. கூடவே, வாலறுந்த எலிகள் தெருக்களில் உயிரோடு ஓடின. எலி பிடித்தவர்கள், அவை குட்டி போடட்டும் என்று விட்டிருந்தார்கள். குற்றம் சொல்லவும் முடியாது, அரசு கேட்டது வாலைத்தானே! புறநகரில் எலிப் பண்ணைகளே முளைத்திருப்பது தெரிந்ததும் பரிசை ரத்து செய்தார்கள்.