கெஸ்டர்சன் ஈரநிலமும் செலீனியமும்

கெஸ்டர்சன் நீர்த்தேக்கம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் வாக்கின் பள்ளத்தாக்கில் இருந்த ஆழமற்ற ஈரநிலம் ஆகும். ஏறத்தாழ 500 ஹெக்டேர் பரப்பில் 12 குளங்களைக் கொண்டிருந்தது. நீரில் மிகச் சிறிய அளவில் கரைந்திருந்த செலீனியம் என்ற தனிமம், பாசிகள் வழியாக உணவுச் சங்கிலியில் ஏறி, பறவைகளின் இனப்பெருக்கத்தைச் சிதைத்த இடமாக இது அறியப்படுகிறது.

பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதி மண், கரையோர மலைத்தொடரின் கடற்படிவப் பாறைகளிலிருந்து வந்தது. அதில் செலீனியம் இயற்கையாகவே உண்டு. பாசன நீர் அதைக் கரைத்தது. அடியில் களிமண் அடுக்கு இருந்ததால் உவர்நீர் கீழிறங்காமல் பயிர்களின் வேர்வரை உயர்ந்தது. அதை வெளியேற்ற 1968 முதல் 1975 வரை சான் லூயிஸ் வடிகால் கட்டப்பட்டது. ஆற்றுக் கழிமுகம்வரை செல்லவேண்டிய அது கெஸ்டர்சனிலேயே நின்றுவிட்டது. 1981 அளவில் குளங்களுக்கு வந்த நீர் பெரும்பாலும் வயல் வடிநீரே. அதில் லிட்டருக்கு ஏறத்தாழ 300 மைக்ரோகிராம் செலீனியம் இருந்தது.

செலீனியம் வேதியியல் பண்பில் கந்தகத்தை ஒத்தது. எனவே பாசிகள் கந்தகத்தை உறிஞ்சும் வழியிலேயே அதையும் உறிஞ்சி, அமினோ அமிலங்களில் சேர்த்துக்கொள்கின்றன. நீரிலிருந்து பாசிக்குச் செல்லும் இந்த முதற்படியில்தான் செறிவு மிகப் பெரிதும் உயர்கிறது. பூச்சிகளும் மீன்களும் பறவைகளும் அடுத்தடுத்து உண்பது இவ்வாறு செறிவடைந்த உணவையே.

1982இல் கம்பூசியா மீனைத் தவிர மற்ற மீன்கள் குளங்களில் இல்லை. 1983இல் நாமக்கோழி, முக்குளிப்பான், நெடுங்கால் உள்ளான், வாத்து ஆகியவற்றின் கூடுகளை ஆய்வாளர்கள் சோதித்தனர். கண், அலகு, கால் ஆகியவை இல்லாத அல்லது உருக்குலைந்த கருக்களைக் கண்டனர். வடிநீர் சேராத அண்டை ஈரநிலமான வோல்டாவுடன் ஒப்பிட்டபோது காரணம் தெளிவாயிற்று. 1985இல் மூட ஆணையிடப்பட்டு, 1986இல் வடிநீர் வரத்து நிறுத்தப்பட்டது. 1988இல் தாழ்வான பகுதிகள் மண்ணிட்டு நிரப்பப்பட்டன.

அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை 1987இல் நன்னீருக்கு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்ற நீண்டகால வரம்பை வகுத்தது. 2016இல் அதைத் திருத்தி, மீனின் முட்டையிலும் தசையிலும் சேர்ந்துள்ள அளவுக்கு முதலிடம் தந்தது. நீரை மட்டும் அளந்தால் பாசியில் தொடங்கும் திரட்சி கணக்கில் வராது என்பதை இம்மாற்றம் ஏற்றுக்கொண்டது.