செம்புரைக்கல்லும் சுண்ணாம்பும்: கோவாவின் சே பேராலயமும் மலாக்காவின் சிதைவும்

முன்னுரை

மலேசியாவின் சித்தியவான் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்களுக்குள் போன சடக்குகள் சிவந்த நிறத்தவை. மழைக்குச் சேறாகவும் வெயிலுக்குக் கல்லாகவும் மாறும் அந்தச் சரளைக்குப் புவியியலார் வைத்த பெயர் லேட்டரைட், தமிழில் செம்புரைக்கல். பூமிக்கடியில் ஈரத்தோடு இருக்கும்போது இது கோடரிக்கும் இணங்கும். வெட்டி எடுத்து வெளியே அடுக்கினால் காற்றும் வெயிலும் பட்டு இறுகும். மலபாரின் அங்காடிப்புறத்தில் இதைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன், 1807-இல் வெளியான தம் பயண நூலில், செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து இதற்குப் பெயரிட்டார். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே போர்த்துகீசியர் இந்தக் கல்லைக் கொண்டு ஆசியாவின் மாபெரும் மறுமலர்ச்சிக் காலத் தேவாலயங்களுள் ஒன்றைக் கட்டத் தொடங்கியிருந்தனர்.

பழைய கோவாவின் சே பேராலயம் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அரசர்களையும் ஆளுநர்களையும் சுற்றியே அமைகின்றன. இக்கட்டுரை கல்லிலிருந்து தொடங்குகிறது. பேராலயத்தின் வரைபடம் போர்த்துகலிலிருந்து வந்தது. அந்த வரைபடத்தில் எது சுவரில் நிற்கும், எது மரத்துக்குப் போகும் என்பதில் செம்புரைக்கல்லுக்கும் பங்கு இருந்தது என்பதே இதன் வாதம். மலாக்காவின் புனித பவுல் ஆலயச் சிதைவும், சே பேராலயத்துக்கு எதிரே நிற்கும் போம் ஜீசஸ் ஆலயமும் இதற்குச் சான்றுகள்.

மண் சுவரிலிருந்து பேராலயம் வரை

போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் கோவாவைக் கைப்பற்றியது 1510 நவம்பர் 25-இல். அன்று அலெக்சாந்திரியாவின் புனித கத்தரீனாளின் திருநாள். வெற்றியின் நினைவாக மண்ணும் வைக்கோலும் கொண்டு எழுந்த சிறு கோவில் அப்புனிதையின் பெயரைப் பெற்றது. மறு ஆண்டே மலாக்காவும் அல்புகெர்க்கிடம் வீழ்ந்தது. கோவா 1530களில் மறைமாவட்டமாகி, 1558-இல் உயர்மறைமாவட்டமாக உயர்ந்தது. அதே ஆண்டில் கொச்சியும் மலாக்காவும் அதன் கீழ் மறைமாவட்டங்களாயின. மலாக்கா ஆயருக்குத் தலைமை இருந்தது கோவாவில்தான்.

ஆசியா முழுவதற்கும் தலைமையிடமான ஊருக்குப் பழைய கோவில் போதவில்லை. 1562-இல் ரெடோண்டோ பிரபுவான ஆளுநர் பிரான்சிஸ்கோ கோட்டின்யோவின் காலத்தில் புதிய பேராலய வேலை தொடங்கியது. போர்த்துகீசிய மொழியில் 'சே' என்பது ஆயரின் இருக்கையைக் குறிக்கும். கட்டடத்தின் உடற்பகுதி முடிய 1619 ஆனது. அர்ச்சிப்பு நடந்தது 1640-இல். வேலையின் பிற்பகுதியில் தலைமைப் பொறியாளர் ஜூலியோ சிமாவோவின் பங்கு குறிப்பிடத்தக்கது. கோவாவின் ஆளுநர் வளைவும் இவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது.

வரைபடமும் கல்லும்

பேராலயத்தின் நீளம் சுமார் 76 மீட்டர், அகலம் 55 மீட்டர். வெளியிலிருந்து பார்த்தால் நீள்சதுரப் பெட்டி. உள்ளே சிலுவை வடிவம். நடுக்கூடத்தின் மேல் அரைவட்ட வளைகூரை, இருபுறமும் பக்கக்கூடங்கள், அவற்றை ஒட்டிப் பக்கத்துக்கு நான்காகச் சிற்றாலயங்கள். 1550களில் போர்த்துகலின் லெய்ரியா, போர்த்தலேக்ரே, மிராந்தா தோ டோரோ ஆகிய ஊர்களில் எழுந்த பேராலயங்களோடு இந்த அமைப்பு நெருங்கிய உறவுடையது.

முகப்பு டஸ்கன் பாணியில் அமைந்தது. அலங்காரம் குறைந்த தூண்கள், தட்டையான சுவர்கள், அளவான சாளரங்கள். வரலாற்றாய்வாளர் ஜார்ஜ் குப்ளர் 1972-இல் வெளியிட்ட நூலில், 16, 17ஆம் நூற்றாண்டுப் போர்த்துகீசியக் கட்டடங்களின் இந்தச் சிக்கனத்தை 'எளிய பாணி' என்று வகைப்படுத்தினார். நல்ல கல் கிடைத்த போர்த்துகலிலேயே இப்பாணி இருந்ததால், கோவாவின் எளிமைக்குக் கல் ஒன்றையே காரணமாகச் சொல்வது பிழை. ஆனால் கோவாவில் இப்பாணிக்குக் கல்லின் துணையும் கிடைத்தது. தேன்கூடு போலத் துளை விழுந்த செம்புரைக்கல்லில் நுணுக்கமான இலையையோ முகத்தையோ செதுக்க முடியாது. உளி வைத்த இடத்தில் விளிம்பு உதிரும். சுவரைச் சமமாக்கவும் மழை புகாமல் காக்கவும் மேலே சுண்ணாம்புக் காரை வேண்டும்.

உள்ளே போனால் கொரிந்தியன் பாணி. வெளியே அடங்கிக் கிடந்த அலங்காரம் எல்லாம் மரத்துக்கு இடம் மாறியிருக்கிறது. தலைமைப் பலிபீடத்தில் பொன்முலாம் பூசிய மரச் சட்டங்களுக்குள் புனித கத்தரீனாளின் வாழ்வும் மரணமும் காட்சிகளாக விரிகின்றன. சிற்றாலயங்கள் இரண்டுக்குச் சல்லடை போலக் குடைந்த மரத் தடுப்புகள் உண்டு.

மலாக்கா: காரை உதிர்ந்த சான்று

மலாக்காக் குன்றின் மேல் 1521-இல் துவார்த்தே கொயெல்யோ ஒரு சிற்றாலயம் கட்டினார். 1548-இல் அது இயேசு சபையாரிடம் வந்தது. பின்னர் அதை விரிவாக்கினர். கல்லுக்குக் குறைவில்லை. கடற்கரைக்கு எதிரே உள்ள பூலாவ் ஊப்பேயில் செம்புரைக்கல் வெட்டினார்கள்; போர்த்துகீசியர் அத்தீவைக் கல் தீவு என்றே அழைத்தனர். 1552-இல் சீனக் கரையில் இறந்த பிரான்சிஸ் சவேரியாரின் உடல், மறு ஆண்டு சில மாதங்கள் இந்த ஆலயத்தில் இருந்த பிறகே கோவா சென்றது.

1641-இல் மலாக்கா டச்சுக்காரர் வசமானது. ஆலயத்துக்குப் புனித பவுல் என்று பெயர் மாற்றி, 1753-இல் கிறைஸ்ட் சர்ச் முடியும்வரை அதிலேயே வழிபட்டனர். பிறகு அது கல்லறைத் தோட்டமானது. ஆங்கிலேயர் காலத்தில் வெடிமருந்துக் கிடங்கானது. இன்று கூரை இல்லை. காரை பெரும்பாலும் உதிர்ந்துவிட்டதால் செம்புரைக்கல் அடுக்குகளும் அவற்றுக்கிடையே உள்ள சாந்தும் கண்ணுக்கு நேராகத் தெரிகின்றன. கோவாவில் வெள்ளைப் பூச்சுக்குள் மறைந்திருக்கும் சுவர் எத்தகையது என்பதை மலேசிய வாசகர் மலாக்காவிலேயே தொட்டுப் பார்க்கலாம்.

சாலைக்கு எதிர்ப்புறம்

சே பேராலயத்துக்கு எதிரே 1594-இல் தொடங்கி 1605-இல் அர்ச்சிக்கப்பட்ட போம் ஜீசஸ் ஆலயத்தில்தான் சவேரியாரின் உடல் இருக்கிறது. அதன் முகப்பில் செதுக்கு வேலை அதிகம். ஆனால் செதுக்கிய பகுதிகளுக்கு வடக்கே வசாயிலிருந்து கருங்கல் கொண்டுவந்தார்கள். சுவர் உள்ளூர்க் கல், அலங்காரம் வெளியூர்க் கல் என்ற இந்தப் பிரிவினை மேற்சொன்ன வாதத்துக்கு வலுவான சான்று.

இரண்டாவது சான்று பிற்காலத்தது. 1950களில் போம் ஜீசஸின் வெளிப்பூச்சை உரித்தெடுத்தனர். பழைமையின் அழகு என்று பலர் படமெடுக்கும் அந்தச் சிவந்த சுவர் கட்டியவர்கள் காட்ட நினைத்த முகம் அன்று. மழை நேரடியாக இறங்குவதால் கல் அரிக்கிறது, மீண்டும் பூச வேண்டும் என்ற குரல் அண்மை ஆண்டுகளில் வலுத்தது.

முடிவு

சே பேராலயத்துக்கு முதலில் இரண்டு மணிக்கோபுரங்கள். 1776-இல் ஒன்று விழுந்தது, மீண்டும் எழவில்லை. 'பொன்மணி' என்று பெயர்பெற்ற பெரிய மணி மிஞ்சிய கோபுரத்தில் தொங்குகிறது. கொள்ளைநோய்களால் பழைய கோவா காலியாகி, 1843-இல் தலைநகரம் முறைப்படி பஞ்சிமுக்கு மாறிய பின்னும் பேராலயத்தில் வழிபாடு நிற்கவில்லை. 1986-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் கோவாவின் பிற ஆலயங்களோடு இதுவும் சேர்ந்தது.

ஒரே வகைக் கல்லில் கட்டிய மூன்று ஆலயங்கள் மூன்று நிலைகளில் நிற்கின்றன: பூச்சோடு சே, பூச்சை இழந்த போம் ஜீசஸ், பூச்சும் கூரையும் இழந்த மலாக்கா. தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்குத் திருவிழாவுக்கு முன் வெள்ளையடித்துப் பழகியவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. செம்புரைக்கல் ஆலயத்தில் சுண்ணாம்பு கட்டடத்தின் ஓர் உறுப்பு. அதைத் தொடர்ந்து பூசும் கை நின்றுபோனால், போர்த்துகலிலிருந்து வந்த வரைபடமும் சுவரோடு கரையும்.