உளவுத் தோல்வி

வரவிருக்கும் தாக்குதலை முன்கூட்டிச் சொல்லத் தவறுவது, இல்லாத ஆபத்தை இருப்பதாகச் சொல்வது, சரியாகச் சொன்ன எச்சரிக்கை நடவடிக்கையாகாமல் கிடப்பது ஆகிய மூன்றும் உளவுத் தோல்வி எனப்படும். முதல் வகைக்கு இஸ்ரேலுக்கு எதிரான 1973 அக்டோபர் போரும், இரண்டாம் வகைக்கு ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக 2002இல் அமெரிக்கா செய்த மதிப்பீடும், மூன்றாம் வகைக்கு 2019இல் இலங்கையில் நடந்த ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளும் எடுத்துக்காட்டுகள். இத்தகைய தோல்விகளை ஆராய்ந்த விசாரணைக் குழுக்கள் பல கண்டது ஒன்று: தகவல் இல்லாமல் ஏமாந்ததைவிட, கையிலிருந்த தகவலைப் பொருட்படுத்தாமல் ஏமாந்ததே அதிகம்.

உளவுப் பணியின் கட்டங்கள்

உளவுப் பணி நான்கு கட்டங்களில் நடக்கிறது. ஒற்றர்கள், ஒட்டுக்கேட்பு, செயற்கைக்கோள் படங்கள் முதலியவற்றால் தகவல் திரட்டுவது முதல் கட்டம். அதை அலசி மதிப்பீடு எழுதுவது இரண்டாவது. உரியவர்களிடம் சேர்ப்பது மூன்றாவது. அதன்மேல் ஆட்சியாளர் முடிவெடுப்பது நான்காவது. எந்தக் கட்டத்திலும் பிழை நுழையலாம்.

எடுத்துக்காட்டாக, 1941 டிசம்பர் 7 அன்று அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ள் ஹார்பரை ஜப்பான் தாக்கியபோது, ஜப்பானிய வெளியுறவுத் துறையின் சங்கேதச் செய்திகளை அமெரிக்கா ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் தாக்குதல் எதிர்பாராததாகவே அமைந்தது. உண்மையான அறிகுறிகள் தகவல் இரைச்சலுக்குள் அமிழ்ந்துபோனதே காரணம் என்று அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட்டா வோல்ஸ்டெட்டர் 1962இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். நடந்து முடிந்த பிறகு எந்தத் துப்பு முக்கியமானது என்பது எல்லோருக்கும் தெரியும். நடப்பதற்கு முன் அது நூறு துப்புகளில் ஒன்று. உளவுத் தோல்வி பற்றிய கல்விசார் ஆய்வுக்கு இந்நூலே அடித்தளம் இட்டது.

1973 அக்டோபர் போர்

உளவுத் தோல்விகளில் மிக விரிவாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்று இது. 1973 அக்டோபர் 6, யூதர்களின் புனித நோன்பு நாளான யோம் கிப்பூர். அன்று பிற்பகல் 2 மணியளவில் எகிப்து சூயஸ் கால்வாயைக் கடந்தும், சிரியா கோலான் குன்றுகளிலும் ஒரே நேரத்தில் இஸ்ரேலைத் தாக்கின. கால்வாய்க் கரையின் காவல் அரண்களில் அப்போது இருந்த இஸ்ரேலிய வீரர்கள் சில நூறு பேரே. கோலானில் சுமார் 1,400 சிரிய டாங்கிகளை எதிர்கொள்ள 180க்கும் குறைவான டாங்கிகளே நின்றன. இஸ்ரேலியப் படையின் பெரும்பகுதி இருப்புப் படையினர். அவர்களை அழைத்துத் திரட்ட 48 மணி நேர முன்னறிவிப்பு வேண்டும். அந்த அவகாசத்தைத் தருவதாக உறுதியளித்திருந்தது ராணுவ உளவுத்துறையான அமான். உறுதியான எச்சரிக்கை வந்ததோ சுமார் பத்து மணி நேரத்துக்கு முன்புதான். போரில் 2,600க்கு மேற்பட்ட இஸ்ரேலிய வீரர்கள் மாண்டனர். எகிப்து, சிரியா தரப்பின் உயிரிழப்பு அதைவிடப் பல மடங்கு.

அமானின் மதிப்பீடுகள் அனைத்தும் ஒரே கணக்கின்மேல் நின்றன: இஸ்ரேலிய விமானத் தளங்களைத் தாக்கவல்ல தொலைதூரப் போர் விமானங்கள் கிடைக்கும்வரை எகிப்து போருக்கு வராது, எகிப்து இல்லாமல் சிரியா வராது. இஸ்ரேலில் இதற்கு ‘கொன்செப்சியா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. இந்தக் கணக்கு வெறும் ஊகம் அல்ல. எகிப்தின் உயர்மட்டத்திலிருந்து கிடைத்த நம்பகமான தகவலிலிருந்தே பிறந்தது. ஆனால் 1972இன் பிற்பகுதியில் அதிபர் அன்வர் சதாத் மனம் மாறினார். கால்வாயின் கிழக்குக் கரையில் ஒரு பகுதியைப் பிடித்தாலே அரசியல் பேச்சுக்கு வழி திறக்கும் என்று முடிவுசெய்து, அந்த விமானங்களுக்குக் காத்திராமல் போருக்கு ஆயத்தமானார். எகிப்து மாறியது, அமானின் கணக்கு மாறவில்லை.

எச்சரிக்கைகளுக்குக் குறைவே இல்லை. செப்டம்பர் 25 அன்று ஜோர்டான் மன்னர் ஹுசைன் ரகசியமாக இஸ்ரேலுக்கு வந்து, சிரியப் படைகள் தாக்குதல் நிலையில் இருப்பதாகப் பிரதமர் கோல்டா மெயரிடம் கூறினார். அக்டோபர் தொடக்கத்தில் எகிப்து பெரும் படைகளைக் கால்வாய் ஓரம் குவித்து, அது ராணுவப் பயிற்சி என்றது. அக்டோபர் 4 இரவு சோவியத் ஆலோசகர்களின் குடும்பங்கள் எகிப்திலிருந்தும் சிரியாவிலிருந்தும் அவசரமாக வெளியேற்றப்பட்டன. இருந்தும் அக்டோபர் 5 அன்று அமான் விடுத்த அறிக்கை, போர் அறிகுறிகளை ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, போருக்கான வாய்ப்பு குறைவு என்று முடிந்தது. அறிக்கையின் உடல் ஒன்று சொல்ல, முடிவு வேறொன்று சொன்னது.

தெற்குப் படைப்பிரிவில் பெஞ்சமின் சிமான்-தோவ் என்ற இளம் உளவு அதிகாரி இருந்தார். அக்டோபர் 1, 3 தேதிகளில் அவர் இரண்டு குறிப்புகள் எழுதினார். பயிற்சி என்பது போர் ஆயத்தத்துக்கான திரையாக இருக்கலாம் என்பது அவற்றின் சாரம். பயிற்சிக்குத் தேவையில்லாத எந்தெந்த வேலைகள் கால்வாய்க் கரையில் நடக்கின்றன என்றும் சுட்டினார். அவருடைய மேலதிகாரி அவற்றைத் தலைமையகத்துக்கு அனுப்பவில்லை. தலைமையகத்தின் கருத்துக்கு அவை ஒத்துவரவில்லை என்பதே காரணம்.

எகிப்தின் தகவல் தொடர்புகளை ஒட்டுக்கேட்கச் சிறப்புக் கருவிகள் இருந்தன. அமான் தலைவர் எலி ஸெய்ரா, அவை அம்பலமாகிவிடும் என்று தயங்கி முறையாக இயக்கவில்லை. அவை இயங்குவதாகவும், ஒன்றும் சிக்கவில்லை என்றும் தலைமைத் தளபதி டேவிட் எலாசர் நம்பிக்கொண்டிருந்தார். அக்டோபர் 5 நள்ளிரவையொட்டி, வெளிநாட்டு உளவு அமைப்பான மொசாட்டின் தலைவர் ஸ்வி ஸமீர் லண்டனில் தம் முக்கிய எகிப்திய ஒற்றரைச் சந்தித்தார். முன்னாள் அதிபர் நாசரின் மருமகனான அஷ்ரஃப் மர்வான்தான் அவர். மறுநாள் போர் என்ற செய்தி விடியற்காலையில் டெல் அவீவ் சேர்ந்தது. அதன் பிறகே படைதிரட்டல் தொடங்கியது.

உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஷிமோன் அக்ரனாத் தலைமையிலான விசாரணைக் குழு, 1974 ஏப்ரலில் இடைக்கால அறிக்கை அளித்தது. எலாசர், ஸெய்ரா முதலியோரைப் பதவி நீக்கப் பரிந்துரைத்தது. சில நாள்களில் கோல்டா மெயர் பதவி விலகலை அறிவித்தார்.

காரணங்கள்

முன்முடிவு: நிலைபெற்றுவிட்ட கருத்துக்கு ஏற்பப் புதிய தகவலை வளைப்பது. 1973இல் படைக்குவிப்பு ‘பயிற்சி’ ஆனது இப்படித்தான். எதிரியும் நம்மைப் போலவே லாப நட்டம் பார்ப்பான் என்று எண்ணுவது இதன் இன்னொரு வடிவம். 2022இல் ரஷ்யா உக்ரைனைத் தாக்கும் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் வெளிப்படையாக எச்சரித்தன. அதற்கான விலை ரஷ்யாவுக்கு மிக அதிகம் என்று பிரெஞ்சுத் தரப்பு கணித்தது. ஜெர்மன் உளவுத்துறைத் தலைவரோ, படையெடுப்பு தொடங்கிய நாளில் கீவ் நகரிலேயே இருந்தார். அவரை மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது.

பொய் அபாயமணி: 1973 ஏப்ரல், மே மாதங்களிலும் போர் அச்சம் எழுந்தது. அமான் வராது என்றது, எலாசர் செலவு செய்து ஆயத்தமானார், போர் வரவில்லை. ‘புலி வருது’ கதைதான். எச்சரித்தவர்களின் பேச்சுக்கு மதிப்புக் குறைந்தது. மறுத்தவர்களின் தன்னம்பிக்கை ஏறியது.

ஒற்றை மூலம்: ஈராக்கில் நடமாடும் உயிரியல் ஆயுதக்கூடங்கள் இருப்பதாக அமெரிக்கா 2003இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் கூறியது. அதற்குப் பெரிதும் ஆதாரம், ‘கர்வ்பால்’ என்ற மறைபெயரில் ஜெர்மனியின் பிடியில் இருந்த ஓர் ஈராக்கிய அகதி சொன்ன கதை. அது பின்னர் பொய் என்று தெரிந்தது. ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கவும், ஒற்றர்கள் ஒருவரை ஒருவர் அறியாதபடி வைக்கவும் திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் கூறுவது இந்த ஆபத்தை எண்ணித்தான்.

பகிராமை: 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் ஈடுபட்ட இருவரைப் பற்றி அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. 2000ஆம் ஆண்டு ஜனவரியிலேயே அறிந்திருந்தது. கண்காணிப்புப் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறியது 2001 ஆகஸ்டில். இடைப்பட்ட காலத்தின் ஒரு பகுதியில் அவர்கள் கலிபோர்னியாவில் சொந்தப் பெயரிலேயே வாழ்ந்தனர்.

செயலாகாமை: ஈஸ்டர் ஞாயிறு தாக்குதல் பற்றி 2019 ஏப்ரல் 4 அன்றே இந்தியா இலங்கைக்குத் தகவல் கொடுத்தது. ஏப்ரல் 11 தேதியிட்ட காவல்துறைக் கடிதம் ஒன்றில், தாக்குதலுக்குத் தலைமை வகித்த ஸஹ்ரான் ஹாஷிமின் பெயரும் தேவாலயங்கள் குறி என்பதும் இருந்தன. தேவாலயங்களுக்கு எச்சரிக்கை போகவில்லை. ஏப்ரல் 21 அன்று கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களில் 260க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதிபரும் பிரதமரும் முரண்பட்டிருந்த காலம் அது. தேசியப் பாதுகாப்புக் கூட்டங்களுக்குத் தம்மை அழைப்பதில்லை என்றார் பிரதமர். கடமை தவறியதற்காக முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

தடுப்பு முறைகள்

மதிப்பிடும் உரிமையை ஒரே அமைப்பிடம் விடாதிருப்பது முதன்மையான வழி. 1973 வரை போர் வருமா என்று சொல்லும் பொறுப்பு அமானிடம் மட்டுமே இருந்தது. அக்ரனாத் குழுவுக்குப் பின் மொசாட்டிலும் வெளியுறவு அமைச்சகத்திலும் ஆய்வுப் பிரிவுகள் வலுப்பெற்றன. அமானுக்குள்ளேயே, நிலவும் கருத்துக்கு எதிராக வாதிடுவதை வேலையாகக் கொண்ட சிறு பிரிவு ஒன்றும் அமைக்கப்பட்டது.

தெளிவான சொல் அடுத்தது. 1951இல் யூகோஸ்லாவியா மீதான தாக்குதலுக்கு ‘குறிப்பிடத்தக்க வாய்ப்பு’ உண்டு என்று அமெரிக்க மதிப்பீடு ஒன்று எழுதியது. அதை எழுதிய குழுவினரிடம் சி.ஐ.ஏ. மதிப்பீட்டாளர் ஷெர்மன் கென்ட் விசாரித்தபோது, 20 விழுக்காடு என்று எண்ணியவரும் இருந்தனர், 80 என்று எண்ணியவரும் இருந்தனர். ஒவ்வொரு சொல்லுக்கும் இத்தனை விழுக்காடு என்ற அளவுகோலை அமெரிக்க, பிரிட்டன் அமைப்புகள் இன்று கையாள்கின்றன.

மூன்றாவது ஒருங்கிணைப்பு. 2004இல் அமெரிக்கா தேசிய உளவு இயக்குநர் பதவியை உருவாக்கியது. இந்தியாவின் கார்கிலில் 1999இல் நடந்த பாகிஸ்தானிய ஊடுருவலை முதலில் கண்டு சொன்னவர்கள் உள்ளூர் மேய்ப்பர்கள். அதை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை வகித்தவர், திருச்சிராப்பள்ளியில் பிறந்த பாதுகாப்பு அறிஞர் கே. சுப்ரமணியம். அமைப்புகளிடையே ஒருங்கிணைப்பு இல்லாததை அக்குழு சுட்டியதைத் தொடர்ந்து, 2002இல் முப்படைகளுக்குப் பொதுவான பாதுகாப்பு உளவு முகமை தொடங்கப்பட்டது.

கீழ்நிலை அதிகாரியின் மாற்றுக்கருத்து மேலே செல்லத் தனி வழி, சுதந்திரமான விசாரணைக் குழு, நாடாளுமன்றக் கண்காணிப்பு, யார் யாருக்கு எச்சரிக்கை போக வேண்டும் என்ற எழுத்துபூர்வ நடைமுறை ஆகியவையும் பயன் தருபவை.

வரம்புகள்

உளவுத் தோல்வியை முற்றாக ஒழிக்க இயலாது என்று அமெரிக்க அரசியல் அறிஞர் ரிச்சர்ட் பெட்ஸ் 1978இல் வாதிட்டார். எச்சரிக்கையின் வாயிலை அகலத் திறந்தால் பொய் அபாயமணி பெருகும். குறுக்கினால் உண்மை எச்சரிக்கை தவறும்.

அமைப்பு மாற்றம் மட்டும் போதாது என்பதற்கும் இஸ்ரேலே சான்று. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர்; 251 பேர் கடத்தப்பட்டனர். அந்தத் தாக்குதல் திட்டத்தின் ஆவணம் ஓராண்டுக்கு மேலாக இஸ்ரேலிய உளவுத்துறையின் கையில் இருந்தது. ஹமாஸின் பயிற்சிகள் அத்திட்டத்தோடு ஒத்துப்போவதாகப் பெண் ஆய்வாளர் ஒருவர் அவ்வாண்டு ஜூலையில் எச்சரித்தார். ஹமாஸுக்கு அந்த அளவு திறன் இல்லை என்று அதிகாரி ஒருவர் ஒதுக்கிவிட்டார். அமான் தலைவர் அஹரோன் ஹலிவா பொறுப்பேற்று 2024 ஏப்ரலில் பதவி விலகலை அறிவித்தார். எதிர்க்கருத்தைக் கேட்கும் பழக்கம் மேலதிகாரிகளிடம் இல்லையென்றால், அதற்கென்று எத்தனை பிரிவுகள் அமைத்தாலும் பயனில்லை.