விண்மீன் மண்டலங்களின் வடிவங்கள்: மதுரை வானில் தெரிபவை எவை?

கேலக்ஸி எனப்படும் விண்மீன் மண்டலங்கள் எல்லாமே சுருள் வடிவம் கொண்டவை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். பாடநூல் படங்கள் அப்படி. உண்மையில் வடிவங்கள் பல. அவற்றில் மூன்று வகைகளை மதுரைச் சீமையிலிருந்தே வெறும் கண்ணால் காணலாம்.

1926-ல் எட்வின் ஹப்பிள் வகுத்த பிரிவுகளே இன்றும் அடிப்படை: நீள்வட்டம், சுருள், நடுவில் பட்டை உள்ள சுருள், ஒழுங்கற்றவை. நீள்வட்டத்துக்கும் சுருளுக்கும் இடைப்பட்ட லென்ஸ் வடிவமும் உண்டு. ஒன்று முதிர்ந்து மற்றொன்றாகும் வரிசை என்று இதைக் கொள்வது தவறு. சுருள் கரங்களில் வாயுவும் தூசியும் மிகுதி. புதிய விண்மீன்கள் பிறப்பதால் நீல ஒளி தெரியும். நீள்வட்டங்களில் வாயு குறைவு, விண்மீன்கள் பெரும்பாலும் முதியவை, நிறம் சிவந்திருக்கும். பெரிய நீள்வட்டங்கள் பல, மண்டலங்கள் மோதி இணைந்ததால் உருவானவை.

நமது பால்வெளி மண்டலம் பட்டைச் சுருள் வகை. குறுக்களவு சுமார் 1 லட்சம் ஒளியாண்டு. மையத்திலிருந்து சூரியன் சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. விளக்குத்தூண் கூட்ட நெரிசலில் நிற்பவருக்கு மதுரைத் தெருக்களின் சதுர அடுக்கு தெரியாது அல்லவா? நம் நிலையும் அதுதான். உள்ளே இருப்பதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தெற்கு வானில் வெண்மையான பட்டையாகவே அது தெரிகிறது. தூசியை ஊடுருவும் ரேடியோ அலைகளும் அகச்சிவப்புக் கதிர்களுமே அதன் கரங்களையும் பட்டையையும் காட்டித் தந்தன.

ஆண்ட்ரோமெடா சுருள் வகை. தொலைவு சுமார் 25 லட்சம் ஒளியாண்டு. தொலைநோக்கி இல்லாத காலத்தில், கி.பி. 964 வாக்கில், அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி தமது நிலை விண்மீன்கள் நூலில் இதைச் சிறு மேகமாகப் பதிவு செய்தார். நவம்பர் நடுவில் இரவு 9 மணியளவில் வடக்கு வானில் நல்ல உயரத்தில் இருக்கும்.

மூன்றாவது, பெரிய மெகல்லன் மேகம். சுமார் 1,60,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள இது ஒழுங்கற்ற வகையில் சேர்க்கப்படுகிறது. பட்டையின் சாயலும் அதில் உண்டு. டெல்லிக்காரர்களுக்கு இது உதிப்பதே இல்லை. நமக்கோ தெற்கு அடிவானத்துக்கு மேல் சுமார் 10 பாகை வரை ஏறும்.

நீள்வட்டங்களுக்குத் தொலைநோக்கி வேண்டும். 2019-ல் கருந்துளைப் படம் வெளியான எம்87 அவ்வகை, சுமார் 5.5 கோடி ஒளியாண்டு தொலைவு. ஜவ்வாது மலையில், காவலூரிலுள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி நம் நாட்டிலேயே உருவானது. வானாய்வகத்தை மலைக்காட்டில் அமைத்ததற்கு இருளும் ஒரு காரணம்.

அந்த இருள்தான் நம் பகுதியில் குறைந்து வருகிறது. மதுரை நகருக்குள் தெருவிளக்கு வெளிச்சத்தில் இவை மூன்றுமே மங்கி மறைகின்றன. மேலூர், உசிலம்பட்டி பக்கக் கிராமங்களில், விளக்கில்லாத வயல்வெளியில் இன்னும் வாய்ப்புண்டு. பிறை பார்க்கும் நாட்களே இதற்கும் உகந்தவை. மஃரிபுக்குப் பின் பிறை சீக்கிரம் மறைய, வானம் இருண்டுவிடும். மெகல்லன் மேகத்துக்கு ஜனவரி கடைசியில், இரவு 9 மணிக்கு, தெற்கே மரமோ கட்டடமோ மறைக்காத கண்மாய்க் கரையில் நிற்பது நல்லது. கண் இருளுக்குப் பழக அரை மணி நேரமாகும். அதுவரை கைப்பேசியை எடுக்கக் கூடாது.