அஞ்சலில் தோற்ற ஹைட்ரா

சதுரங்கத்தில் கணினி மனிதனை வென்றது எப்போது என்று கேட்டால் 1997 என்றே பதில் வரும். நியூயார்க்கில் ஐபிஎம்மின் டீப் புளூ கணினி உலகச் சாம்பியன் காஸ்பரோவை வீழ்த்திய ஆண்டு அது. கடிகாரம் வைத்து ஆடும் ஆட்டத்துக்கு இந்தப் பதில் ஏறத்தாழப் பொருந்தும். அஞ்சல்வழி ஆட்டத்துக்குப் பொருந்தாது. அங்கே கணினி மேலேறி வர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. ஏறி வந்த பிறகும் அது செய்தது மனிதனைத் தோற்கடித்தது அல்ல, வெற்றி என்பதையே அரிதாக்கியதுதான்.

1824இல் எடின்பரோவும் லண்டனும் கடிதத்தில் தொடங்கிய போட்டி முடிய நான்கு ஆண்டுகள் ஆயின. நிதானமே அந்த ஆட்டத்தின் இயல்பு. ஒரு நகர்த்தலை நாள்கணக்கில் அலசலாம், புத்தகங்களைப் புரட்டலாம், காய்களைப் பலகையில் நகர்த்தியே பார்க்கலாம். பன்னாட்டு அஞ்சல்வழிச் சதுரங்கக் கூட்டமைப்பு 1951இல் உருவானது. அதன் ஐந்தாவது உலகப் போட்டியில் (1965–68) அமெரிக்கரான ஹான்ஸ் பெர்லினர் 16 ஆட்டங்களில் 12 வென்று, நான்கை டிரா செய்து, ஒன்றில்கூடத் தோற்காமல் பட்டம் பெற்றார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் ஆய்வு செய்தவரும் இவர்தான். இயந்திரங்களின் முக்கியப் பலவீனம் ஒன்றுக்கு 1970களில் ‘தொடுவான விளைவு’ என்று பெயரிட்டார்: இத்தனை நகர்த்தல்வரைதான் பார்ப்பது என்று எல்லை வகுத்துக்கொண்ட நிரல், வரப்போகும் இழப்பை அந்த எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டு, தப்பித்துவிட்டதாகக் கணக்கிடும். கடிகாரம் துரத்தும் எதிராளி இதைக் கவனிக்காமல் போகலாம். மூன்று நாள் யோசிப்பவர் கவனிப்பார்.

அப்படிக் கவனித்ததற்குச் சான்று ஹைட்ரா. அபுதாபியின் ஆதரவில் உருவான இந்த இயந்திரம், உலகின் முன்னணி வீரர்களில் ஒருவரான மைக்கேல் ஆடம்ஸை 2005 ஜூனில் லண்டனில் 5½–½ என்று நொறுக்கியது. ஆனால் ஏறக்குறைய அதே காலத்தில், ஜெர்மனியின் அஞ்சல்வழி கிராண்ட்மாஸ்டர் ஆர்னோ நிக்கலிடம் மாதக்கணக்கில் நீண்ட இரண்டு ஆட்டங்களிலும் தோற்றது; மூன்றாவது டிரா. நிக்கலிடமும் கணினிகள் இருந்தனவே, இதை மனித வெற்றி என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் பயன்படுத்திய, கடைகளில் விற்ற நிரல்கள் தனியாக ஹைட்ராவோடு மோதியிருந்தால் ஜெயிக்கும் என்று அன்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். அவற்றின் பரிந்துரைகளில் எதை நம்புவது, எதை மேலும் தோண்டுவது என்று தீர்மானித்தவர் நிக்கல். அவரிடம் தோற்றது ஹைட்ராவின் பழைய வடிவம், மூன்று ஆட்டம் போதுமான சான்றாகாது என்றும் சொல்லலாம். அந்த மறுப்பில் பாதி உண்மை உண்டு. ஆனால் கணினித் துணையை அனுமதித்து 2005இலேயே நடந்த ‘ஃப்ரீஸ்டைல்’ இணையப் போட்டியை, கணினித் துணையுடன் வந்த கிராண்ட்மாஸ்டர்களைத் தாண்டி வென்றவர்கள், சாதாரணக் கணினிகளை வைத்துக்கொண்டு ஆடிய இரண்டு அமெரிக்க அமெச்சூர்கள்.

அஞ்சலில் ஹைட்ரா தோற்றதற்குக் காரணம் நேரம். யோசிக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் இயந்திரத்துக்குக் கிடைக்கும் கூடுதல் பலம் குறைந்துகொண்டே போகிறது. மனிதனுக்கோ முதல் சில நாட்களிலேயே அவனுடைய மிகப் பெரிய எதிரியான அவசரப் பிழை காணாமல் போகிறது. சில மணி நேர ஆட்டத்தில் ஆடம்ஸைக் கொன்ற வேகம் ஆறு மாத ஆட்டத்தில் செல்லாக்காசு.

அந்த இடைவெளி நிலைக்கவில்லை. நிரல்கள் வளர்ந்தன, 2020இல் ஸ்டாக்ஃபிஷ் என்ற நிரல் நரம்பியல் வலையமைப்பைச் சேர்த்துக்கொண்டது, ஏழு காய் மட்டும் மிஞ்சும் நிலைகள் அனைத்துக்கும் முடிவு கணக்கிடப்பட்டாயிற்று. கூட்டமைப்பு எஞ்சின்களை (இந்த நிரல்களை) அனுமதிப்பதால் எல்லாரிடமும் ஏறத்தாழ ஒரே ஆலோசகர். பெர்லினர் 12 வென்ற இடத்தில், 32ஆவது உலகப் போட்டியில் ஆட்டங்களின் மிகப் பெரும்பகுதி டிராவில் முடிந்தது. அதில் பட்டம் வென்ற அமெரிக்கர் ஜான் எட்வர்ட்ஸும் விதிவிலக்கல்ல. அப்படியானால் இவர்கள் வெறும் பொத்தான் அழுத்துபவர்கள்தானா? அப்படிச் சொல்பவர்கள் ஒன்றை விளக்க வேண்டும்: எல்லாரும் ஒரே பொத்தானை அழுத்தினால் ஒருவர்கூட வெல்ல முடியாதே. எஞ்சின் பெரிய சாதகம் என்று காட்டும் நிலைகள் சில, உண்மையில் உடைக்க முடியாத கோட்டைகள். இன்றைய அஞ்சல்வழி வீரரின் உழைப்பில் பெரும்பங்கு, இப்படி எஞ்சின் தவறாக மதிப்பிடும் தொடக்க வரிசைகளைத் தேடுவதில் போகிறது. கிடைத்தாலும் அந்த வரிசை ஒரே ஆட்டத்துக்குத்தான் உதவும். ஆட்டம் வெளியானதும் மற்ற எல்லாரும் அதைத் தங்கள் எஞ்சினில் ஏற்றிப் பார்த்துவிடுவார்கள்.