உந்தி வளியும் நுரையீரலும்

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயல் பிறப்பியல் ஆகும். எழுத்தொலி எவ்வாறு தோன்றுகிறது என்பதனை அவ்வியலின் முதல் நூற்பா உரைக்கிறது. உந்தியினின்று எழும் வளி தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் உறுப்புக்களோடு பொருந்தி, அவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகப் புலப்படும் என்பது அதன் கருத்து. உந்தி என்பது கொப்பூழ். அங்கிருந்து மேற்கிளரும் வளியை உதானன் என உரைகாரர் கொண்டனர். மூச்சுக்குரிய உறுப்பாகிய நுரையீரலின் பெயர் இந்நூற்பாவில் யாண்டும் இல்லை.

இதனை நோக்குவோர் இரு திறத்தர். இக்கால உடலியல் கண்ட மூச்சியக்கம் முழுவதும் இந்நூற்பாவுள் அடங்கும் என்பர் ஒரு சாரார். கொப்பூழில் காற்றுப்பை இன்மையின் ஆசிரியர் கூற்றுப் பிழையே என்பர் மற்றொரு சாரார். இவற்றுள் எது கொள்ளத்தக்கது என்பதை நூற்பாவின் சொற்களை மட்டும் கொண்டு துணிதல் இயலாது. மூச்சுப் பற்றிய அறிவு உலகில் எவ்வாறு படிப்படியாக வளர்ந்தது என்பதையும் உடன்வைத்து ஆராய்தல் வேண்டும்.

கி.மு. நான்காம் நூற்றாண்டினராகிய அரிஸ்டாட்டில், இதயத்தின் வெம்மையைத் தணித்தற்பொருட்டே உயிர்கள் மூச்சு வாங்குகின்றன எனக் கருதினார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமில் வாழ்ந்த மருத்துவர் கேலன், உதரவிதானமும் விலாவிடைத் தசைகளும் மூச்சியக்கத்திற்குக் காரணமாதலை விலங்குகளை அறுத்துக் கண்டார். குரல்வளைக்குச் செல்லும் நரம்புகளைப் பன்றியொன்றில் அவர் துண்டித்தபோது, அது மூச்சுவிட்டுக்கொண்டிருந்தும் குரலெழுப்ப இயலாதாயிற்று. மூச்சு வேறு, குரல் வேறு என்பது இதனாற் புலனாயிற்று. ஆயினும், இதயத்தின் நடுச்சுவரில் உள்ள கட்புலனாகாத் துளைகளின் வழியே குருதி வலப்பக்கத்தினின்று இடப்பக்கம் கசிந்து செல்லும் என்று அவர் கொண்ட தவறான கருத்து ஆயிரம் ஆண்டிற்கு மேல் நிலைத்து நின்றது.

அதனை மறுத்தவர் டமாஸ்கசில் பிறந்த இப்னு அல் நஃபீஸ் என்னும் மருத்துவர். இப்னு சீனாவின் மருத்துவ நூலில் உள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு 1242-இல் அவர் வரைந்த உரையில், குருதி நுரையீரல் வழியாகவே சென்று வளியோடு கலந்து இதயத்தின் இடப்பக்கத்தை அடையும் என்று நிறுவினார். மூலநூலுக்கு உரைகாணப் புகுந்தவர் மூலத்தின் கருத்தையே மறுத்துரைத்தமை குறிப்பிடத்தக்கது.

அந்நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி, சீயகங்கன் வேண்டுகோட்கு இணங்கி நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரும் எழுத்தின் பிறப்பைக் கூறுமிடத்து உந்தியை விடுத்தார். உயிரின் முயற்சியால் உள்வளி உந்த, எழும் ஒலியணுத்திரள் மார்பு, கழுத்து, தலை, மூக்கு என்பவற்றைப் பொருந்தி, இதழ், நா, பல், அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் எழுத்தாகும் என்றார். வளி தோன்றும் இடத்தைச் சுட்டாது, அதனை உந்துவது முயற்சி என்று மட்டும் கூறி அமைந்தார். இவ்விருவர்க்கும் தொடர்புண்டு எனக் கூறுதற்கு இடமில்லை. முன்னோர் கூற்றை ஆராய்ந்து திருத்திக்கொள்ளும் நெறி இருவர்பாலும் இருந்தமையே ஈண்டு அறியத்தக்கது.

ஐரோப்பாவில் 1628-இல் ஹார்வி குருதியோட்டத்தை விளக்கினார். 1661-இல் மால்பிகி தவளையின் நுரையீரலில் நுண்ணிய குருதிக்குழாய்களைக் கண்டார். 1667-இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் இராபர்ட் ஹூக், மார்பு திறக்கப்பெற்ற நாயொன்றின் நுரையீரலிற் சிறு துளைகள் இட்டு, துருத்தியால் இடைவிடாது காற்றைச் செலுத்தினார். நுரையீரல் அசையாது விரிந்தே நின்றது. நாயோ உயிரோடு இருந்தது. உயிரைத் தாங்குவது நுரையீரலின் அசைவு என்னும் எண்ணம் அன்று வீழ்ந்தது. வேண்டுவது புதுக்காற்றே என்பது தெளிவாயிற்று. துருத்தியினுள் ஒரு சவ்வுப்பையை அமைத்து, துருத்தி விரியுந்தோறும் பை தானே காற்றால் நிரம்பும் எனக் காட்டி, நுரையீரல் விரியும் முறையை 1668-இல் மேயோ விளக்கினார். காற்றின் ஒரு பகுதியே மூச்சிற் செலவாகிறது என்பதையும், அதற்கு ஈடாகக் கரியமில வாயு வெளிப்படுகிறது என்பதையும் 1777-இல் லவாசியே எடுத்துரைத்தார். அப்பகுதியே உயிர்வளி.

இவ்வரலாற்றின் பயனாக இன்று நாம் அறிவது வருமாறு: நுரையீரல் தானே விரிதற்குரிய தசையைப் பெற்றிலது. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே கவிந்த கூரைபோல் நிற்கும் உதரவிதானம் சுருங்கித் தாழ்கிறது. விலா எலும்புகள் உயர்கின்றன. மார்பறை அகன்று உள்ளழுத்தம் குறைய, புறக்காற்று உட்புகுகிறது. அப்பொழுது வயிற்றுறுப்புக்கள் கீழே தள்ளப்படுதலின் கொப்பூழ்ப்பகுதி முன்னே புடைக்கிறது. அமைதியாக இருக்கும் வளர்ந்த ஒருவர் ஒரு மூச்சில் ஏறத்தாழ அரை லிட்டர் காற்றை உட்கொள்கிறார். நுரையீரலின் நுண்ணறைகள் சராசரியாக 48 கோடி என 2004-இல் வெளியான அளவீடு கூறுகிறது. அவற்றின் மெல்லிய சுவர் வழியே உயிர்வளி குருதியிற் புக, கரியமில வாயு வெளியேறுகிறது.

அமைதியான வெளிமூச்சிற்குத் தசையின் முயற்சி வேண்டுவதில்லை. விரிந்த நுரையீரல் தன் மீள்தன்மையாற் சுருங்குகிறது. பேசுங்கால் நிலை வேறு. வெளிமூச்சு நீட்டிக்கப்பெற்று அளவாக விடப்படுகிறது. உரத்துப் பேசினும் நெடிய தொடரை ஒரே மூச்சில் உரைப்பினும் வயிற்றுத்தசைகள் இறுகி உட்செல்கின்றன; வயிற்றுறுப்புக்கள் உதரவிதானத்தை மேலே தள்ள, வளி மிடறு நோக்கி எழுகிறது. கொப்பூழின்மேற் கை வைத்து உரத்துப் பாடுவார் எவரும் இதனை உணரலாம்.

உந்தி என்னும் சொல்லை இதனோடு வைத்து எண்ணுக. வளி தங்கும் இடம் உந்தி என்று கொள்ளின் அது பொருந்தாது. ஒலிமுயற்சி தொடங்குவதாக உணரப்படும் இடம் உந்தி என்று கொள்ளின் அது மெய்யான காட்சியே. உயிரெழுத்துப் பன்னிரண்டும் மிடற்றிற் பிறந்த வளியால் இசைக்கும் என ஆசிரியர் கூறுவதும் அத்தகையதே. 1854-இல் மானுவேல் கார்சியா என்னும் இசையாசிரியர் சிறு கண்ணாடியின் துணையால் தம் குரல்வளையைத் தாமே கண்டு, குரலொலி பிறக்குமிடம் குரல்நாண்களே என மறு ஆண்டில் ராயல் சொசைட்டிக்கு அறிவித்தார். எனினும் அனைத்தும் பொருந்தும் என வலிந்துரைத்தல் முறையாகாது. வளி தலையில் நிலைபெறும் என்பதும், ஆய்தம் தலையிடமாகப் பிறக்கும் என நன்னூல் உரைப்பதும் இன்றைய உடலியலுக்கு ஒவ்வா.

இருசாரார் வழக்கையும் தீர்த்தற்குரிய சான்று பிறப்பியலின் இறுதியிலேயே உள்ளது. அகத்தே எழும் வளியிசையை ஆராய்ந்து அளவிட்டுக் கோடல் அந்தணர் மறைக்கண் உள்ளது என்றும், அதனை இங்கு நுவலாது, வெளிப்போந்து புறத்தே இசைக்கும் ஒலியின் அளவையே கூறினேன் என்றும் ஆசிரியர் தம் நூற்கு எல்லை வகுக்கிறார். உடலின் உள்ளே நிகழ்வது தம் பொருளுக்குப் புறம்பானது எனத் தெளிந்தே அவர் அதனை விடுத்தார். அவ்வாறு விடுத்ததனை அவர்மேல் ஏற்றிப் புகழ்தலும், அதன்பொருட்டு அவரைப் பழித்தலும் இவ்விறுதி நூற்பாவை நோக்காமையால் வருவன.

ஆதலின், பிறப்பியலைப் பாடஞ்சொல்வோர் உடலியலை ஒதுக்கவும் வேண்டா. அதனை நூற்பாவினுள் திணிக்கவும் வேண்டா. புறத்தே கேட்கப்படும் ஒலியை உறுப்புக்களின் தொழிலோடு இயைத்து வகுத்த திறமே தொல்காப்பியர்க்கு உரிய சிறப்பு. நுரையீரலின் தொழிலைக் கண்டறிந்த புகழ், பல நாட்டவரும் பல நூற்றாண்டும் அடுக்கி உழைத்த உழைப்பிற்கு உரியது. ஒன்றன் புகழை மற்றொன்றற்கு ஏற்றாது உரியார்க்கு உரியதனை வழங்குதலே வரலாற்று நெறியாகும்.